கிராமியச் சுற்றுலாவும் கிராம வாழிடச் சூழலும் ஒன்றையொன்று வளர்க்கும் விதம்

க.பொ.த. (சாதாரண தரம்) – புவியியல்
மனிதக் குடியிருப்புகளும் சுற்றுலாத்துறையும்



சுற்றுலாத்துறை பற்றிய வினாக்களுக்கு விடை எழுதும்போது பெரும்பாலான மாணவர்கள் "அந்நியச் செலாவணி கிடைக்கும், வேலைவாய்ப்புக் கிடைக்கும், சூழல் மாசடையும்" என மூன்று வரிகளுடன் நிறுத்திவிடுகின்றனர். இவை பிழையான விடைகள் அல்ல. ஆனால் சுற்றுலாவுக்கும் அது நடைபெறும் கிராமத்துக்கும் இடையிலான தொடர்பை விளக்குமாறு வினா கேட்டால் இம்மூன்று வரிகளும் போதமாட்டா. அத்தொடர்பை எவ்வாறு விளங்கிக்கொள்வது, உதாரணங்களுடன் எவ்வாறு எழுதுவது என்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• கிராமியச் சுற்றுலா, வாழிடச் சூழல் ஆகியவற்றை வரையறுப்பீர்கள்.
• இவ்விரண்டுக்கும் இடையிலான இருவழித் தொடர்பை விளக்குவீர்கள்.
• இலங்கையிலிருந்தும் யப்பானிலிருந்தும் விடய ஆய்வுகளைத் தருவீர்கள்.
• இரண்டும் சேர்ந்து வளர்வதற்கான நிபந்தனைகளை முன்வைப்பீர்கள்.

1. அறிமுகம்

2012 ஆம் ஆண்டு குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைச் சனத்தொகையில் 77.4 சதவீதத்தினர் கிராமத் துறையிலும் 18.2 சதவீதத்தினர் நகரத் துறையிலும் 4.4 சதவீதத்தினர் பெருந்தோட்டத் துறையிலும் வாழ்ந்தனர். எனவே நாட்டின் அபிவிருத்தி என்பது பெருமளவில் கிராமங்களின் அபிவிருத்தியே எனலாம்.

1966 இல் இலங்கை உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்டதன் பின்னர் நீண்டகாலம் எமது சுற்றுலாத்துறை கடற்கரை விடுதிகளையும் புராதன நகரங்களையும் மையமாகக் கொண்டிருந்தது. பயணி பேருந்தில் வந்து சீகிரியாவைப் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்புவார். வழியிலுள்ள கிராமம் அவருக்கு யன்னலூடாகத் தெரியும் காட்சி மாத்திரமே. இன்று நிலைமை மாறியுள்ளது. வயல், குளம், தேயிலைத் தோட்டம், மீனவர் குடியிருப்பு என்பனவற்றைக் காண்பதற்காகவே பயணிகள் வருகின்றனர். கிராமமே சுற்றுலா வளமாகிவிட்டது.

2. வரைவிலக்கணங்கள்

கிராமியச் சுற்றுலா: கிராமத்தின் இயற்கைச் சூழல், தொழில்கள், உணவு, பண்பாடு, வாழ்க்கை முறை என்பவற்றை அனுபவிக்கும் நோக்குடன் கிராமப்புறங்களில் மேற்கொள்ளப்படும் சுற்றுலா.

வாழிடச் சூழல்: மக்கள் வாழும் இடமும், அவ்விடத்தில் வாழ்வதற்குத் தேவையான இயற்கை, சமூக, பௌதிக வசதிகளும் சேர்ந்த முழுமை. வீடு மாத்திரம் வாழிடச் சூழல் அன்று.

குடியிருப்புகள் பற்றிய கற்கையை ஒரு தனித் துறையாக வளர்த்த கிரேக்கத் திட்டமிடலாளர் கொன்ஸ்டன்டினோஸ் டொக்ஸியாடிஸ் (1913–1975) குடியிருப்பில் ஐந்து கூறுகள் உள்ளன எனக் காட்டினார். இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கிராமத்தைப் பற்றியும் ஒழுங்காக விடை எழுதலாம்.

(1) இயற்கை – நிலம், நீர், காடு, காலநிலை
(2) மனிதன் – உடல்நலம், கல்வி, தொழில்
(3) சமூகம் – உறவுகள், வழக்கங்கள், சங்கங்கள்
(4) உறைவிடம் – வீடுகள், பாடசாலை, வழிபாட்டிடம் முதலிய கட்டடங்கள்
(5) வலையமைப்பு – வீதி, குடிநீர், மின்சாரம், கழிவகற்றல், தொடர்பாடல்

3. இருவழித் தொடர்பு

(அ) வாழிடச் சூழல் சுற்றுலாவை வளர்த்தல்

சுத்தமான நீர், பசுமையான நிலம், பாதுகாப்பான வீதி, விருந்தோம்பும் மக்கள் ஆகியவை இல்லாத கிராமத்துக்குப் பயணி ஒருமுறை வரலாம், மறுமுறை வரமாட்டார். ஹபரணைப் பகுதியில் நடைபெறும் கிராமச் சுற்றுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். பயணிகள் மாட்டுவண்டியில் சென்று, குளத்தில் வள்ளத்தில் பயணித்து, களிமண் குடிசையில் சமைத்த சோற்றை உண்கின்றனர். இங்கு விற்கப்படும் பொருள் யாது? நீர் நிறைந்த குளம், உழைக்கும் மாடு, சமைக்கத் தெரிந்த பெண்கள் ஆகியவையே. குளம் தூர்ந்தால் சுற்றுலாவும் தூர்ந்துவிடும்.

(ஆ) சுற்றுலா வாழிடச் சூழலை வளர்த்தல்

• விவசாயம், மீன்பிடி என்பவற்றோடு மேலதிக வருமானம் கிடைத்தல்.
• வீட்டைத் திருத்தவும் மலசலகூடம் கட்டவும் பிள்ளைகளின் கல்விக்குச் செலவிடவும் பணம் கிடைத்தல்.
• வீதி, மின்சாரம், குடிநீர் வசதிகள் விருத்தியடைதல்.
• இளைஞர்கள் வேலை தேடிக் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் செல்வது குறைதல்.
• அழிந்துவரும் கைப்பணிகளுக்கும் உணவு வகைகளுக்கும் புதுமதிப்பு ஏற்படுதல்.

(இ) எல்லை கடக்கும்போது ஏற்படும் நிலை

பயணிகளின் தொகை கிராமத்தின் தாங்குதிறனை விஞ்சும்போது இதே தொடர்பு எதிர்த்திசையில் இயங்கத் தொடங்கும். நீர் போதாது, குப்பை தேங்கும், காணி விலை உயரும், உள்ளூர்க் குடும்பங்கள் காணியை விற்றுவிட்டு வெளியேறும். சூழல் கெடவே பயணிகளும் வேறிடம் தேடுவர். எனவே இத்தொடர்பை நான்கு படிகளாக நினைவில் வைத்திருங்கள்:

நல்ல சூழல் → சுற்றுலா வளர்ச்சி → வருமானமும் அமுக்கமும் → முறையான முகாமைத்துவம் இருப்பின் மேலும் நல்ல சூழல். இல்லாவிடின் சூழல் சீரழிவு.

மூன்றாம் படியில் வருமானமும் அமுக்கமும் சேர்ந்தே வருகின்றன என்பதைக் கவனியுங்கள். ஒன்றை ஏற்று மற்றதைத் தவிர்க்க இயலாது. அவற்றைக் கையாளும் விதமே கிராமத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றது.

4. விடய ஆய்வு 1 – எல்ல (பதுளை மாவட்டம்)

அமைவிடம்: ஊவா மாகாணத்தில் ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில், கொழும்பு – பதுளை புகையிரதப் பாதையில் அமைந்துள்ளது.

சுற்றுலா வளங்கள்: எல்ல இடைவெளியின் காட்சி, எல்லப் பாறை, சிறிய சிவனொளிபாதமலை, இராவணன் நீர்வீழ்ச்சி, எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம், குளிர்ந்த காலநிலை, தேயிலைத் தோட்டங்கள்.

வளர்ச்சி: ஒருசில விருந்தினர் இல்லங்களைக் கொண்டிருந்த இச்சிறு ஊர், 2009 இல் யுத்தம் முடிவடைந்ததன் பின்னர் மிக வேகமாக வளர்ந்தது. வீடுகளின் மேல்மாடிகள் அறைகளாகின. உணவகங்கள், முச்சக்கர வண்டிச் சேவை, வழிகாட்டல், சமையல் வகுப்பு எனப் பல தொழில்கள் தோன்றின.

அமுக்கம்: செங்குத்தான சரிவுகளில் கட்டடங்கள் எழுந்தன. வறண்ட மாதங்களில் விடுதிகளும் குடும்பங்களும் ஒரே நீரூற்றுகளை நம்பியிருக்க வேண்டியுள்ளது. மலைச்சரிவில் விடப்படும் கழிவுநீர் கீழேயுள்ள ஓடைகளைச் சென்றடையும். திண்மக் கழிவுகளை அகற்றும் பொறுப்பு ஒரு சிறிய பிரதேச சபையின் மீது விழுகின்றது.

எல்லவைப் பற்றி எழுதும்போது மண்சரிவு அபாயத்தைக் குறிப்பிடத் தவறாதீர்கள். இதே மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி ஏற்பட்ட மண்சரிவு லயன் குடியிருப்புகளை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் பெரும் மண்சரிவுகள் நிகழ்ந்தன. மலையகப் புகையிரதப் பாதையும் சேதமடைந்தது. மலையைப் பார்க்கவே பயணி வருகின்றார். மலையை வெட்டினால் ஆபத்து பயணிக்கும் ஊரவருக்கும் பொதுவானதே. மலைப்பகுதிகளில் கட்டடம் அமைக்க முன்னர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை கோரப்படுவது இதன் காரணமாகும்.

நன்மை யாரைச் சென்றடைகின்றது?

சிறிய சிவனொளிபாதமலைக்குச் செல்லும் பாதை தேயிலைத் தோட்டத்தின் ஊடாகவே செல்கின்றது. பயணிகள் படம்பிடிக்கும் பசுமை தோட்டத் தொழிலாளரின் நாளாந்த உழைப்பால் பேணப்படுவது. ஆனால் லயன் அறையில் வாழும் குடும்பம் தன் வீட்டில் ஓர் அறையைப் பயணிக்குக் கொடுக்க முடியுமா? இடவசதி இல்லை, அதற்கும் மேலாக வீடும் காணியும் அக்குடும்பத்தின் பெயரில் இல்லை. 2015 இன் பின்னர் 7 பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடு வழங்கும் திட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோதும் பெருந்தொகையான குடும்பங்கள் தொடர்ந்தும் லயன்களிலேயே வாழ்கின்றன.

மலையகத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி என் வகுப்பில் ஒருமுறை, "சேர், எங்கட தோட்டத்துக்கு நிறையப் பேர் வாறாங்க. ஆனா எங்கட வீட்டுக்கு ஒருத்தரும் வர ஏலாது" என்றாள். பல பக்கங்களில் எழுத வேண்டிய விடயத்தை அவள் இரு வசனங்களில் கூறிவிட்டாள். சுற்றுலாவின் நன்மை காணி உரிமையைப் பின்பற்றிச் செல்கின்றது. உரிமை இல்லாதவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கூலிவேலை அல்லது பாதையோரச் சிறுகடை மாத்திரமே. இக்கருத்தை விடையில் சேர்க்கும் மாணவர் விடயத்தை ஆழமாக விளங்கியவர் எனலாம்.

5. விடய ஆய்வு 2 – அறுகம்குடா (அம்பாறை மாவட்டம்)

பொத்துவிலுக்கு அண்மையில் அமைந்த கரையோரக் குடியிருப்பு. கடலலைச் சறுக்கலுக்கு உலகப் புகழ்பெற்றது. மே தொடக்கம் ஒக்டோபர் வரை இதன் பருவகாலமாகும். தென்மேற்குக் கரையில் மழையும் கொந்தளிப்பும் நிலவும் காலத்தில் கிழக்குக் கரை பயணிகளுக்கு உகந்ததாக இருக்கின்றது. பொத்துவில் களப்பின் கண்டல் தாவரங்கள், பாணமை, குமண தேசிய வனம் என்பன ஏனைய வளங்கள்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி இக்குடியிருப்பைப் பெருமளவில் அழித்தது. அதன் பின்னர் அரசாங்கம் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் மீளக் கட்டடம் அமைப்பதைக் கட்டுப்படுத்த முற்பட்டது. பாதுகாப்பு அவசியம் என்றாலும், தாம் அகற்றப்பட்ட கரையில் நாளை விடுதிகள் எழுந்துவிடுமோ என மீனவக் குடும்பங்கள் அஞ்சின. படகை இழுத்து வைக்கவும் வலையை உலர்த்தவும் கரை வேண்டும். சுற்றுலாப் பயணிக்கும் அதே கரையே வேண்டும். இதுவே கரையோரக் கிராமங்களின் அடிப்படைப் பிரச்சினையாகும்.

மறுபுறம், பொத்துவில் களப்பில் மீனவர்கள் தமது தோணிகளில் பயணிகளை ஏற்றிச் சென்று கண்டல்களையும் பறவைகளையும் காட்டி வருமானம் பெறுகின்றனர். கண்டல் அழிந்தால் இறால், மீன் இனப்பெருக்கமும் குறையும். படகுச் சவாரியும் நின்றுவிடும். எனவே கண்டலைப் பாதுகாப்பது மீனவருக்கு இருவகையில் இலாபமாகின்றது. சூழலும் சுற்றுலாவும் சேர்ந்து வளர்வதற்கு இது சிறந்த உதாரணமாகும்.

6. விடய ஆய்வு 3 – சிரக்காவா-கோ (யப்பான்)

அமைவிடம்: கிஃபு மாகாணத்தில், கடும் பனி பொழியும் மலைப் பள்ளத்தாக்கு. இங்குள்ள ஒகிமாச்சி கிராமம் 1995 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

சிறப்பு: பனி வழுக்கி விழும் வகையில் செங்குத்தாக அமைந்த புற்கூரை வீடுகள். கூரையின் கீழுள்ள பரணில் முன்னர் பட்டுப்புழு வளர்க்கப்பட்டது. ஒரு கூரையை மீள வேய்வது பெருவேலை. எனவே ஊரவர் ஒன்றுகூடிக் கூலியின்றி வேய்வர். யப்பானியர் இதனை "யுயி" என்பர். எமது ஊர்களில் வயல் வேலைக்கு ஒருவருக்கொருவர் கைமாற்றாகச் செல்லும் வழக்கத்தை இதனுடன் ஒப்பிடலாம்.

நெருக்கடி: 1950 களில் நீர்மின் அணைகள் கட்டப்பட்டதாலும் இளைஞர்கள் நகரங்களுக்குச் சென்றதாலும் வீடுகள் வேகமாகக் குறைந்தன. எஞ்சியவற்றைக் காக்க 1971 இல் ஊரவர் ஒரு சங்கத்தை அமைத்து மூன்று விதிகளை வகுத்தனர்: வீட்டையும் காணியையும் விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை.

விளைவு: ஊர் ஊரவரிடமே தங்கியது. சில குடும்பங்கள் தமது வீட்டிலேயே பயணிகளுக்குத் தங்குமிடம் வழங்குகின்றன. சுற்றுலா வருமானம் கூரை வேயும் செலவைத் தாங்க உதவுகின்றது.

இங்கும் பிரச்சினை இல்லாமலில்லை. ஏறத்தாழ 1,500 பேர் வாழும் சிரக்காவா கிராமப் பிரதேசத்துக்கு ஆண்டொன்றில் 15 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்த ஆண்டுகள் உள்ளன. வயல்கள் வாகனத் தரிப்பிடங்களாக மாறும் அபாயம் ஏற்பட்டது. எனவே பிரதான தரிப்பிடம் ஆற்றின் மறுகரையில் அமைக்கப்பட்டு, பயணிகள் பாலத்தால் நடந்துவருமாறு செய்யப்பட்டது. குளிர்கால ஒளியூட்டல் நிகழ்வுக்கு 2019 முதல் முற்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. தாங்குதிறனைப் பேணும் வழிமுறைகளாக இவற்றைக் குறிப்பிடலாம்.

7. ஒப்பீடு

எல்ல: பிரதான வளம் – மலையும் தேயிலையும். பிரதான அமுக்கம் – நீர்ப் பற்றாக்குறை, சரிவில் கட்டடம். படிப்பினை – காணி உரிமையும் கட்டடக் கட்டுப்பாடும் அவசியம்.

அறுகம்குடா: பிரதான வளம் – கடலும் களப்பும். பிரதான அமுக்கம் – கரைக்கான போட்டி. படிப்பினை – உள்ளூர்த் தொழிலுடன் சுற்றுலாவை இணைத்தல்.

சிரக்காவா-கோ: பிரதான வளம் – மரபு வீடுகள். பிரதான அமுக்கம் – பயணிகளின் தொகை. படிப்பினை – ஊரவரின் கூட்டு விதிகள்.

8. தரவுகளை வாசித்தல்

இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகளின் தொகை:
2018 – 2,333,796
2019 – 1,913,702
2020 – 507,704
2021 – 194,495
2022 – 719,978
2023 – 1,487,303
2024 – 2,053,465

2021 இன் தொகை 2018 இன் தொகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு மாத்திரமே. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள், 2020 இல் தொடங்கிய கொவிட்-19 பெருந்தொற்று என்பன வீழ்ச்சிக்கான காரணங்கள். 2022 பொருளாதார நெருக்கடி மீட்சியைத் தாமதப்படுத்தியது.

இத்தரவு கிராமங்களுக்குக் கூறும் செய்தி முக்கியமானது. வயலையும் வள்ளத்தையும் விற்று அறை கட்டிய குடும்பம் அக்காலத்தில் வருமானமின்றிக் கடனுடன் நின்றது. வயலை வைத்துக்கொண்டு அறை கட்டிய குடும்பத்துக்குச் சோறாவது இருந்தது. ஆகவே கிராமியச் சுற்றுலா மூலத் தொழிலுக்குத் துணையாக இருக்க வேண்டுமேயன்றி அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

9. சேர்ந்து வளர்வதற்கான நிபந்தனைகள்

(1) தாங்குதிறனை அறிந்து பயணிகளின் தொகையை ஒழுங்குபடுத்தல்.
(2) நீர், கழிவகற்றல் வசதிகளை விடுதிகள் பெருக முன்னரே ஏற்படுத்தல்.
(3) காணியும் வீடும் உள்ளூர் மக்களிடம் நிலைத்திருக்க வழிசெய்தல்.
(4) விடுதிகள் உள்ளூர் மரக்கறி, மீன், பால், கைப்பணிப் பொருட்களை வாங்குதல். இந்தியாவின் கேரளத்தில் குமரகம் கிராமத்தில் 2008 முதல் பெண்கள் குழுக்கள் விடுதிகளுக்கு மரக்கறி வழங்கியமை இதற்கு உதாரணம்.
(5) இளைஞருக்கு மொழி, வழிகாட்டல், சமையல் பயிற்சி அளித்தல்.
(6) தீர்மானம் எடுக்கும்போது கிராம அமைப்புகளுக்கு இடமளித்தல்.

10. மாதிரி வினாவும் விடையும்

வினா:
(i) கிராமியச் சுற்றுலா என்றால் என்ன? (2 புள்ளிகள்)
(ii) கிராமிய வாழிடச் சூழல் சுற்றுலாவுக்கு உதவும் இரு வழிகளைத் தருக. (2 புள்ளிகள்)
(iii) இலங்கைக் கிராமம் ஒன்றில் சுற்றுலா ஏற்படுத்திய சாதக, பாதக விளைவுகள் இரண்டு வீதம் தருக. (4 புள்ளிகள்)
(iv) "முகாமைத்துவம் இன்றேல் சுற்றுலா தன் வளத்தையே அழித்துவிடும்." விளக்குக. (4 புள்ளிகள்)

முதல் மூன்று பகுதிகளுக்கும் 2, 3, 4, 5 ஆம் பிரிவுகளிலிருந்து விடை எழுதலாம். (iv) இற்கான விடை பின்வருமாறு அமையலாம்:

"கிராமியச் சுற்றுலாவின் வளம் கிராமத்தின் நீர், நிலம், மக்கள் வாழ்க்கை என்பனவாகும். எல்லவில் பயணிகள் பெருகியதால் விடுதிகள் பெருகின. சரிவுகளில் கட்டடம் அமைப்பதால் மண்சரிவு அபாயமும், கழிவுநீர் கலப்பதால் ஓடைகள் மாசடையும் அபாயமும் ஏற்படுகின்றன. பயணிகளைக் கவர்ந்த மலைக்காட்சியும் சுத்தமான நீரும் இவ்வாறு குறைவதால் காலப்போக்கில் வருகையும் குறையும். மாறாக யப்பானின் சிரக்காவா-கோவில் ஊரவர் 1971 இல் காணி, வீடுகளை விற்பதில்லை என விதி வகுத்ததாலும், வாகனங்களுக்கு ஊருக்கு வெளியே தரிப்பிடம் அமைத்ததாலும் வளம் பேணப்பட்டது. எனவே முகாமைத்துவமே சுற்றுலாவின் நிலைபேறைத் தீர்மானிக்கின்றது."

இவ்விடையில் கூற்று, காரணம், உதாரணம், முடிவு என நான்கும் இருப்பதைக் கவனியுங்கள்.

11. தவிர்க்க வேண்டிய பிழைகள்

• "சூழல் மாசடையும்" என மட்டும் எழுதுதல். எந்தச் சூழல், எதனால், யாருக்குப் பாதிப்பு என எழுதுங்கள்.
• வாழிடச் சூழலை வீடு என மாத்திரம் கருதுதல்.
• எல்லவை நுவரெலியா மாவட்டத்தில் குறித்தல். அது பதுளை மாவட்டத்தில் உள்ளது.
• அறுகம்குடாவின் பருவகாலத்தை டிசம்பர் – மார்ச் எனக் குறிப்பிடுதல்.

12. பயிற்சி

(1) டொக்ஸியாடிஸ் காட்டிய ஐந்து கூறுகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உமது ஊரிலிருந்து ஓர் உதாரணம் தருக.
(2) 8 ஆம் பிரிவிலுள்ள தரவுகளைக் கொண்டு சலாகை வரைபடம் வரைக. 2020, 2021 வீழ்ச்சிக்கு ஒரு காரணம் தருக.
(3) இலங்கைப் புறவுருவப் படத்தில் எல்ல, அறுகம்குடா, ஹபரணை, சீகிரியா என்பவற்றைக் குறிக்க.
(4) உமது ஊருக்கு நாளை நூறு பயணிகள் வருவதாக வைத்துக்கொள்க. அவர்களுக்குக் காட்டக்கூடிய மூன்று விடயங்களையும், அவர்கள் வரும் முன்னர் ஊரில் சீர்செய்ய வேண்டிய மூன்று விடயங்களையும் எழுதுக.

நான்காவது பயிற்சியை இலகுவானதென எண்ணித் தவிர்க்க வேண்டாம். சீர்செய்ய வேண்டியவை என நீங்கள் எழுதும் மூன்றும் பெரும்பாலும் உங்கள் வீட்டாருக்கே நாள்தோறும் தேவைப்படுபவையாக இருக்கும். குடிநீரும் வீதியும் கழிவகற்றலும் பயணிக்காக அன்றி ஊரவருக்காகவே முதலில் வேண்டும். ஊரவர் நன்றாக வாழும் ஊரே பயணியும் விரும்பும் ஊராகும்.